சாயும் கிண்ணமும் சில தத்துவக் கேள்விகளும்

தத்துவம் என்பது எழுதப்படுவது அல்லது பேசப்படுவது என்றே பொதுவாக எண்ணுகிறோம். ஒரு மேசையோ கிண்ணமோ தத்துவ விவாதத்தில் கலந்துகொள்கிறது என்று எவரேனும் சொன்னால் அதை ஓர் உருவகமாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளின் சில பல்கலைக்கழகங்களில் ஒரு சிறிய கூட்டம் இதை நேர்ப்பொருளிலேயே செய்துவருகிறது. அவர்கள் பொருட்களைச் செய்கிறார்கள். அவற்றைப் பிறர் வீடுகளில் கொண்டுபோய் வைக்கிறார்கள். நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அவற்றோடு வாழ்ந்தவர்களிடம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சிலிருந்து மனிதன், கருவி, காலம், கவனம் ஆகியவற்றைக் குறித்த பழைய கேள்விகளைப் புதிதாக எழுப்புகிறார்கள். மனித-கணினி ஊடாட்டவியல் என்ற துறையின் ஓர் ஓரத்தில் நடக்கும் முயற்சி இது. இலக்கிய வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்றும், இதைப் பொறியாளர்களிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்கலாகாது என்றும் கருதுகிறேன்.

தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல் கையால் தொடக்கூடியதையும் குறிக்கும். சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும். மேற்சொன்ன ஆய்வாளர்கள் நீண்ட விளக்கங்கள் எழுதி நிறுவ முயலும் ஓர் உறவை நம் மொழி ஒரு சொல்லிலேயே வைத்திருக்கிறது. இது தற்செயலா என்பது வேறு விவாதம். ஆனால் இக்கட்டுரையின் மையக் கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: தொடும் பொருள், அறியும் பொருளாவது எப்படி?

1

கணினி தத்துவத்தோடு உரசிக்கொண்ட கதையை 1986ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். டெரி வினோகிராட், பெர்னாண்டோ புளோரஸ் என்ற இருவர் அவ்வாண்டில் 'கணினிகளையும் அறிதலையும் புரிந்துகொள்ளல்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார்கள். வினோகிராட் செயற்கை நுண்ணறிவுத் துறையில் புகழ்பெற்றவர். புளோரஸ் சிலி நாட்டில் அய்யந்தே அரசில் அமைச்சராக இருந்து, 1973இன் ராணுவப் புரட்சிக்குப் பின் மூன்றாண்டுகள் சிறையிலிருந்தவர். இருவரும் ஹைடெக்கரைக் கணினித் துறைக்குள் கொண்டுவந்தார்கள். 1927இல் வெளியான 'இருப்பும் காலமும்' நூலில் ஹைடெக்கர் சொல்லும் சுத்தியல் உதாரணத்தை நம்மில் பலர் அறிவோம். தச்சன் ஆணியடிக்கும்போது சுத்தியல் அவன் கண்ணுக்குத் தனிப்பொருளாகத் தெரிவதில்லை. அது அவன் கையோடு கரைந்துவிடுகிறது. பிடி கழன்றாலோ உடைந்தாலோதான் 'சுத்தியல்' என்ற ஒன்று அங்கே தோன்றுகிறது. கணினியும் இப்படித்தான் என்றார்கள் இருவரும்.

இதன் தொடர்ச்சியாக நடந்ததுதான் நமக்கு முக்கியமானது. 'கோஆர்டினேட்டர்' என்ற அலுவலக மென்பொருள் ஒன்றும் இவ்விருவரின் சிந்தனையிலிருந்து பிறந்தது. ஆஸ்டின், சேர்ல் ஆகியோரின் பேச்சுச்செயல் கோட்பாடு அதன் அடித்தளம். அதில் ஒருவர் சக ஊழியருக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், அது வேண்டுகோளா, வாக்குறுதியா, முன்வைப்பா என்று முதலில் வகைப்படுத்த வேண்டும். தத்துவ நூலில் மிக நியாயமாகத் தெரிந்த கருத்து, அலுவலக மேசையில் கண்காணிப்பாக மாறும் ஆபத்து இதில் இருந்தது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று இழுக்கும் மனிதச் சுதந்திரத்துக்கு அந்த வகைப்பாட்டில் இடம் குறைவு. 1994இல் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர், வகைப்பாடுகளுக்கு அரசியல் உண்டா என்ற கேள்வியையே தலைப்பாக்கி இதைக் கடுமையாக விமர்சித்தார்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு தத்துவ நிலைப்பாட்டைத் தன்னுள் கொண்டுதான் வருகிறது, அதைச் செய்தவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும். கீழே உருட்ட உருட்ட முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் இன்றைய திரைகள், மனிதனின் விருப்பத்துக்கு எல்லை இல்லை என்ற கருத்தைச் செயலில் முன்வைக்கின்றன. இரண்டாவது, ஒரு கருத்து நூலில் இருக்கும்போது வெளிப்படாத பண்புகள், அது பொருளாகி மனிதர்களின் நடுவே வைக்கப்படும்போது வெளிப்படுகின்றன. அப்படியானால் அதையே ஒரு முறையியலாகக் கொள்ளலாமே? விற்பதற்காக அன்றி வினவுவதற்காகவே பொருட்களைச் செய்தால் என்ன?

2

லண்டன் ராயல் கலைக் கல்லூரியைச் சார்ந்து இயங்கிய ஆன்டனி டன், பியோனா ராபி இருவரும் 2001இல் வெளியிட்ட பொருட்தொகுதியின் பெயர் 'பிளாசீபோ'. மருந்தற்ற மாத்திரை என்பது அதன் பொருள். எட்டுப் பொருட்கள். அவற்றைப் பொதுமக்கள் சிலரிடம் கொடுத்து வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மேசையின் பரப்பில் 25 திசைகாட்டிகள் பதிக்கப்பட்டிருந்தன. கைபேசியையோ மடிக்கணினியையோ அதன்மேல் வைத்தால் முட்கள் துடிக்கும். நம்மைச் சுற்றி எப்போதும் நிறைந்திருக்கும் மின்காந்தப் புலத்தைத் தடுக்கவோ குறைக்கவோ அந்த மேசையால் முடியாது. அது இருப்பதைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

அதே தொகுதியில் செயற்கைக்கோள் வழி இடமறியும் மேசை ஒன்றும் உண்டு. வானத்தைப் 'பார்க்க' முடிந்தால் தான் இருக்கும் இடத்தின் அளவைகளைக் காட்டும். முடியாவிட்டால் 'தொலைந்தேன்' என்ற பொருளில் ஒரு சொல்லைக் காட்டும். வீட்டுக்குள் வைக்கப்படும் மேசைக்குப் பெரும்பாலும் இரண்டாவது நிலைதான். உரிமையாளர் இரக்கப்பட்டு அதை என்றாவது தோட்டத்துக்குத் தூக்கிச்செல்லக்கூடும் என்பது ஆக்கியோரின் எதிர்பார்ப்பு. ஒரு மேசையின்மீது எழும் அந்த இரக்கம் பொய்யானதா? அது மேசை என்று நன்றாகத் தெரிந்தும் எழுகிறது அல்லவா? கதை கேட்டு அழுபவனிடம் அரிஸ்டாடில் காலத்திலிருந்து கேட்கப்பட்டுவரும் கேள்விதான் இது. இப்போது வரவேற்பறையில் வந்து நிற்கிறது.

2004இல் பில் கேவரும் அவரது குழுவினரும் 'டிரிப்ட் டேபிள்' என்ற தாழ்வான மேசையைச் செய்தார்கள். மேசையின் நடுவே வட்டமான சிறு கண். அதன்வழி பார்த்தால் இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பரப்பின் வான்வழிப் புகைப்படங்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். மேசைமேல் ஒரு புத்தகத்தையோ தேநீர்க் கோப்பையையோ வைத்தால் அந்தப் பக்கமாகக் காட்சி நகரும். எடை கூடினால் தரையை நோக்கி இறங்கும். அதற்கு வேறு பயன் எதுவும் இல்லை. அதோடு வாழ்ந்தவர்கள் தமக்குத் தெரிந்த ஊர்களைத் தேடிப் பயணம் போனார்கள். ஊர்கள் மெல்லத்தான் வந்தன. 'எளிதாக, விரைவாக' என்பதையே அறமாகக் கொண்ட ஒரு துறைக்குள், மனிதன் விளையாடும் உயிரும்கூட என்று நினைவூட்டிய பொருள் அது.

வில்லியம் ஓடமும் உடனுழைப்பாளர்களும் செய்த 'போட்டோபாக்ஸ்' ஒரு பழைய ஓக் மரப்பெட்டி. உரிமையாளர் இணையத்தில் சேமித்துவைத்த ஆயிரக்கணக்கான புகைப்படங்களிலிருந்து, மாதத்துக்கு நான்கைந்து படங்களை மட்டும் தானே தேர்ந்து, தானே அச்சிட்டு உள்ளே வைத்திருக்கும். எப்போது, எதை என்று நாம் கட்டளையிட முடியாது. மூன்று வீடுகளில் 14 மாதங்கள் அது வைக்கப்பட்டது. 2014இல் வெளியான ஆய்வின்படி முதலில் எரிச்சல்பட்டவர்கள் போகப்போக அதன் கதிக்கு இணங்கினார்கள். நினைவு என்பது நாம் எடுப்பதா, நமக்கு வருவதா என்று கேட்கும் பெட்டி அது.

இனி தலைப்பிலுள்ள கிண்ணம். கனடாவில் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ரான் வக்கரியும் குழுவினரும் ஒரு பீங்கான் கிண்ணத்தைச் செய்தார்கள். நாளில் சிலமுறை, எதிர்பாராத நேரங்களில், அது மெல்லச் சாயும். வேறொன்றும் செய்யாது. 2018இல் வெளியான ஆய்வில் அதை மெய்யியல் பயிற்சியுள்ள ஆறு பேரின் வீடுகளில் நீண்டகாலம் வைத்தார்கள். பின்னணியில் இருப்பது அமெரிக்கத் தத்துவவாதி டான் ஐடியின் (1934–2024) சிந்தனை. மனிதனுக்கும் கருவிக்கும் உள்ள உறவுகளை அவர் நான்காகப் பகுத்தார். மூக்குக்கண்ணாடி போல உடலின் பகுதியாவது ஒன்று. வெப்பமானி போல வாசிக்கப்படுவது மற்றொன்று. எதிரே நிற்கும் இன்னொருவர் போலத் தோன்றுவது மூன்றாவது. வீட்டின் வெப்பமூட்டும் அமைப்பு போலக் கவனத்துக்கு வராமல் பின்னணியில் இயங்குவது நான்காவது. சாயும் கிண்ணம் இந்நான்கில் எதிலும் ஒழுங்காக அடங்குவதில்லை. பழங்களை ஏந்தி நிற்கும்போது பின்னணி. சாய்ந்த கணத்தில் எதிரே ஒருவர். ஏன் சாய்ந்தது என்று யோசிக்கத் தொடங்கினால் வாசிப்பு. வகைப்பாட்டை விளக்கவந்த பொருள் வகைப்பாட்டின் விளிம்புகளைத் தேய்த்துவிடுகிறது.

3

இவற்றுள் என்னை மிகவும் பாதித்தது 2010இல் வெளியான 'பிரேயர் கம்பானியன்', மன்றாட்டுத் துணை. செய்தவர்களுள் மேலே சொன்ன கேவரும் ஒருவர். இங்கிலாந்தின் யார்க் நகரில் கிளாரா சபையைச் சேர்ந்த துறவு மடம் ஒன்று உண்டு. வெளியுலகத் தொடர்பைப் பெரிதும் துறந்து உள்ளேயே வாழும் கன்னியர் அவர்கள். உலகுக்காக மன்றாடுவது அவர்கள் ஏற்ற பணி. ஆனால் எதற்காக மன்றாட வேண்டும் என்று அறிய உலகச் செய்தி வேண்டுமே. அவர்களுக்காகச் செய்யப்பட்ட இச்சிறு கருவியின் மேல்விளிம்பில் எழுத்துகள் மெல்ல ஓடும். செய்தித் தலைப்புகளும், வலைப்பதிவுகளில் முகமறியா மனிதர்கள் 'நான் இப்படி உணர்கிறேன்' என்று எழுதிய வரிகளும் அதில் வரும். அருகே சென்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். அறையை நிறைத்துக் கூவாது.

மனித-கணினி ஊடாட்டம் என்றால் நாம் ஒன்றை உள்ளிட, கணினி ஒன்றை வெளியிடுவது என்பது பாடநூல் வரையறை. இங்கே நடப்பது என்ன? எங்கோ ஒருவர் தன் தனிமையை எழுதுகிறார். அது ஒரு மடத்துக்குள் ஓடும் எழுத்தாகிறது. வயது முதிர்ந்த கன்னி ஒருவர் அதைப் படித்துவிட்டு மன்றாடுகிறார். அந்த மன்றாட்டை எண்ணிக்கையாக்கவோ எழுதியவருக்குத் திருப்பி அனுப்பவோ அக்கருவி முயல்வதில்லை. ஊடாட்டத்தின் முக்கியமான பாதி கருவிக்கு வெளியே, அதற்குத் தெரியாமலே நடக்கிறது. ஒரு கருவி தனக்குத் தெரியவேண்டிய அவசியமில்லாத ஓர் இடத்தை மனிதருக்கு விட்டுவைக்கிறது. இன்று நம் ஒவ்வொரு அசைவையும் பதிந்துகொள்ளும் கருவிகளோடு ஒப்பிட்டால், அந்த விட்டுக்கொடுத்தல் எவ்வளவு பெரிய அற நிலைப்பாடு என்பது விளங்கும்.

இது மேட்டுக்குடிக் கலைக்கூட விளையாட்டு என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே பதில். பிளாசீபோ போன்றவை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பது உண்மைதான். ஆனால் முறை அங்கேயே முடங்கிவிடவில்லை.

4

இத்தனையும் சொன்ன பிறகு என் மறுப்பையும் சொல்லியாக வேண்டும். இத்துறையின் வெளியீடுகளில் கணிசமானவை தத்துவத்துக்குப் படம் வரைபவை. முதலில் ஹைடெக்கர் அல்லது ஐடி, அடுத்து அவர் சொன்னதை நினைவூட்டும் ஒரு பொருள், பிறகு வீட்டினரின் பேட்டி, முடிவில் தத்துவவாதி சொன்னது சரிதான் என்ற முடிவுரை. கோட்பாட்டை முன்னே வைத்துக்கொண்டு எழுதப்படும் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. அவற்றில் கதாபாத்திரங்கள் மூச்சுவிடுவதில்லை என்பதும் நாம் அறிந்ததே.

எனவே என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பொருளுக்குத் தன்னைச் செய்தவரை மறுக்கும் ஆற்றல் உண்டா? இதற்கான மிகச்சிறந்த உதாரணம் இந்தத் துறை உருவாவதற்கும் முன்பே, 1966இல் வந்துவிட்டது. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய 'எலைசா' என்ற நிரல், உளமருத்துவர் போல உரையாடும். நாம் சொன்னதையே சற்றுத் திருப்பிக் கேள்வியாக்கும். வேறு அறிவு எதுவும் அதற்கு இல்லை. கணினியுடனான உரையாடல் எவ்வளவு மேலோட்டமானது என்பது அதில் வெளிப்படும் என்றே அவர் எண்ணினார். ஆனால் அதன் ஆக்கத்தை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, எலைசாவோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதிர்ந்தார். 1976இல் அவர் எழுதிய நூல், கணினியிடம் ஒப்படைக்கவே கூடாத பணிகள் உண்டு என்ற வாதத்தோடு வந்தது. செய்தவரின் சிந்தனையைச் செய்யப்பட்ட பொருள் திசைமாற்றியது. இன்று பெருமொழி மாதிரிகள் 'நான்' என்று தன்மையில் பேசி உலகெங்கும் நடமாடும் காலத்தில், அந்த அதிர்ச்சி ஒரு சிறு கட்டுரைக்கான விஷயமாக மட்டும் எஞ்சியிருப்பது வருத்தத்துக்குரியது.

விளக்கவுரை இல்லாவிட்டால் இப்பொருட்கள் பேசுமா என்பது இன்னொரு கேள்வி. பேசாமல் போகலாம். நம் சங்கப் பாடல்களுக்கும் திணை, துறை, கூற்றுக் குறிப்புகள் வேண்டியிருக்கின்றன. குறிப்பு இல்லாமல் திறக்காத பாடல்கள் பல. அதனால் குறிப்பே பாடல் என்று ஆகிவிடாது. நாரையும் நண்டும் வெறும் கருப்பொருளாக நின்றபடியே இன்னொன்றை உள்ளுறையாகச் சொல்லும் மரபில் பயின்றவர்களுக்கு, ஒரு கிண்ணம் சாய்வதை வாசிக்கத் தனிப்பயிற்சி தேவையில்லை. இங்கேதான் இலக்கியம் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது.

5

நம் கையருகே கிடக்கும் ஓர் உதாரணத்தோடு முடிக்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று. கணினியின் ஒருங்குறிக்கு அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பல மென்பொருள்களில் 'மி'யை அழிக்கப் பின்னோக்கு விசையைத் தட்டினால் 'ம' எஞ்சி நிற்கும். ஒருங்குறியின்படி 'க' அடிப்படை. புள்ளி என்ற தனிக்குறியைச் சேர்த்தால் 'க்' கிடைக்கும். இலக்கணம் ஒலியைப் பேசும்போது வரிசை தலைகீழ். மெய் முதலில், உயிர் வந்து ஏறினால் உயிர்மெய். ஆனால் எழுத்தின் வடிவத்தைப் பேசும்போது, புள்ளி நீங்கிய மெய்யே அகரம் ஏறிய வடிவம் என்று தொல்காப்பியரும் சொல்கிறார். ஆக இரண்டு பார்வைகளும் நம்மிடம் உண்டு. கணினி வடிவத்தின் பக்கம் நின்றது.

விசைப்பலகைகளிலும் இதே பிளவு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 பலகையில் ஒரு மெய்யின் விசையைத் தட்டினால் 'க' வரும். ஆங்கில எழுத்துவழி ஒலிபெயர்ப்புப் பலகையில் முதலில் 'க்' வரும், அகரத்தைத் தட்டினால் 'க' ஆகும். உயிர் என்பது இயல்பாகவே உடலில் இருப்பதா, வெளியிலிருந்து வந்து சேர்வதா? ஒரு தலைமுறையின் விரல்கள் இக்கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டிருக்கின்றன. குறியாக்கம் பற்றி நம்மவர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்றது. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் வேகம், இடம், ஒத்திசைவு என்ற பொறியியல் சொற்களிலேயே நடந்தது. எழுத்து என்றால் என்ன என்ற கேள்வியை அதற்குள் வைத்திருக்க வேண்டியவர்கள் தமிழ்த்துறையினர். பெரும்பாலோர் வைக்கவில்லை.

ஒலி எழுப்பும் விசைப்பலகை ஒன்றை வகுப்பறைக்காகச் செய்வதாகக் கற்பனை செய்வோம். மெய்யைத் தட்டினால் எழுத்து மங்கலாகத் தோன்றும், ஒலி வராது. உயிரைத் தட்டினால்தான் எழுத்து தெளிந்து ஒலிக்கும். மெய் அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்ற நூற்பாவை மாணவர் விரலால் உணர்வார். நல்ல பாடக்கருவி என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிக்காட்டி, 'ஐயா, இது மெய்தானே, தனியாக ஒலிக்கிறதே' என்பாள். அந்தக் கணத்தில் கருவி தோற்கும், வகுப்பு தொடங்கும். இயங்குதல் என்று தொல்காப்பியர் எதைச் சொன்னார், ஒலித்தல் வேறு இயங்குதல் வேறா என்று உரையாசிரியர்களைத் தேடி நாம் போக வேண்டியிருக்கும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நிரல் எழுதத் தெரிந்த ஒரு மாணவரும் இலக்கணம் தெரிந்த ஓர் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். நம் கல்லூரிகளில் அவ்விரு துறைகளும் பெரும்பாலும் வேறுவேறு கட்டடங்களில் இருக்கின்றன. நடந்துபோகும் தூரம்தான்.